ஃபைன் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

வாசகர் கடிதம்:

வக்கீலக்கா, நாங்கள் கல்குளம் தாலுகாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவருக்கும் அவருடைய சொந்த அண்ணனுக்கும் தென்னை விளையில் வேலி போடுவதில் போன வருஷம் சண்டை வந்தது. இவர் மட்டையால் ஓங்கியதில் அண்ணனுக்கு இடது கை எலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் மம்மட்டிக் கணையால் (மம்மட்டியின் பிடிக் கம்பால்) அடித்ததில் இவருக்கு நெற்றியில் மூன்று தையல். யார் முதலில் கை வைத்தது என்று இரண்டு பேரும் வேறு வேறு சொல்கிறார்கள். இருவரும் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். போலீஸ் இரண்டு தரப்பு மேலும் கேஸ் போட்டது. பிடித்து விலக்கப் போன என் மகனையும் இரண்டாம் எதிரியாகச் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு 20 வயது, போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். இப்போது பத்மநாபபுரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் மேல் 296(பி), 117(2), 351(2) என்றும், மகன் மேல் 296(பி), 115(2) என்றும் இருக்கிறது. அண்ணன் மேல் உள்ள கேஸில் 296(பி), 118(1). "தப்பை ஒத்துக்கிட்டா அன்னைக்கே ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இவருக்கு கல்ஃப் விசா வந்திருக்கிறது. அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு அண்ணனும் மனசு இளகி, "கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்கிறார். நாங்கள் என்ன செய்வது? ஜெயில் ஆகுமா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாய்தா அன்று உங்கள் வீட்டுக்காரரோ மகனோ "ஆமாம், குற்றம் செய்தேன்" என்று சொல்லிவிடக் கூடாது. மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம்.

தெரிந்தவர் சொன்ன யோசனையில் கெட்ட எண்ணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி வழக்கு, பொது இடத்தில் குடித்துவிட்டுக் கத்திய வழக்கு என்று சிறிய வழக்குகளில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்தவர்களை அவர் பார்த்திருப்பார். அடிதடியும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் மேல் இருப்பது 117(2), அதாவது எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் உண்டாக்கியது. அதற்கு 7 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. "சிறை அல்லது அபராதம்" என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, "சிறையும் அபராதமும்" என்றுதான் சொல்கிறது. ஆகவே இந்தப் பிரிவில் வெறும் ஃபைனோடு விட சட்டத்தில் இடமில்லை. பின்னால் சொல்லப்போகும் நன்னடத்தைப் பிணையில் விட்டால் ஒழிய, நீதிபதி எவ்வளவு இரக்கப்பட்டாலும் கோர்ட் கலையும் வரையாவது சிறைத் தண்டனை விதிக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்தான், ஆனால் அதுவும் சிறைத் தண்டனை, அதுவும் குற்றவாளி என்ற தீர்ப்பு. கோர்ட் கலையும் வரையோடு விடுவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனை வாங்கிவிட்டால், அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக முடியாது. தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் மேலே போகலாம். "நான் செய்யவே இல்லை, தெரியாமல் ஒத்துக்கொண்டேன்" என்று பிறகு வருத்தப்படுகிறவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். வேலைக்கான நடத்தைச் சரிபார்ப்புக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் அன்று கட்டிய ஃபைன் என்ன என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. அப்போது என்னால் பெரிதாக எதுவும் செய்துவிட முடிவதில்லை.

சரி, இந்தப் பிரிவுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால் உங்கள் வழக்குக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். ஊரில் பெரியவர்கள் 323, 324, 325 என்று பேசுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்கள். 323-தான் இப்போது 115(2), அதாவது சாதாக் காயம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 325 என்பது 117(2), கொடுங்காயம். ஆபத்தான ஆயுதத்தால் காயம் உண்டாக்கிய 324 இப்போது 118(1): 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 296(பி) என்பது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது. 351(2) மிரட்டல். தமிழ்நாட்டில் அடிதடி எஃப்.ஐ.ஆர். என்றால் திட்டியதும் மிரட்டியதும் அநேகமாகக் கூடவே வரும்.

"கொடுங்காயம்" என்ற சொல்லைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். கண், காது போவது, ஒரு உறுப்போ மூட்டோ பயனற்றுப் போவது, முகம் நிரந்தரமாகக் கோரமாவது, 15 நாள் கடுமையான வலியில் கிடப்பது அல்லது அன்றாட வேலை பார்க்க முடியாமல் போவது, இதெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பழைய சட்டத்தில் அது 20 நாளாக இருந்தது. எலும்பு முறிவும் பல் உடைவதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அண்ணன் கையில் முறிவு என்று எக்ஸ்ரே சொன்னதும் சாதாக் காயம் கொடுங்காயமாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு கோபத்தில் இருந்தார் என்பதை விட அந்த எக்ஸ்ரேதான் பிரிவைத் தீர்மானித்தது.

இதில் உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. மட்டையை ஆபத்தான ஆயுதம் என்று போலீஸ் வைத்திருந்தால் 118(2) போட்டிருப்பார்கள். அதில் குறைந்தபட்சமே ஓராண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் வரை போகும். அடித்த பொருள் சாவு விளைவிக்கக்கூடியதா என்பதுதான் அங்கே கேள்வி. தென்னை மட்டையை அப்படிக் கருதவில்லை போலிருக்கிறது. மம்மட்டிக் கணையை அப்படிக் கருதியிருக்கிறார்கள். அதனால்தான் அண்ணன் மேல் 118(1). காயம் சிறியதாக இருந்தும் அண்ணனுடைய வழக்கு ஒரு வகையில் உங்களுடையதை விடச் சிக்கலானதாகிவிட்டது. அதை அவரும் இன்னும் உணர்ந்திருக்க மாட்டார். ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் "வாபஸ் வாங்கிக்கிறேன்" என்கிறார். மனசார சொல்கிறார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போன பிறகு அது அண்ணன் கேஸ் இல்லை, அரசு நடத்தும் கேஸ். அண்ணன் அதில் சாட்சி. ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தாலும் இப்போது அங்கே யாராலும் மூட முடியாது. நம் மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. பங்குத்தந்தை முன்னாலோ ஊர்க் கமிட்டியிலோ வைத்துப் பேசி, பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு வீடும் கல்யாணம் காட்சிக்குப் போக வர ஆரம்பித்துவிடும். கோர்ட்டுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். வாய்தாவுக்குப் போகாமல் இருந்து பிடிவாரண்ட் வந்த பிறகு, "ஊர்ல வச்சு முடிச்சாச்சே" என்று அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரில் பேசியது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் அஸ்திவாரம். ஆனால் கட்டடம் கோர்ட்டில் எழும்ப வேண்டும்.

அதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழிதான் ராஜி. குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவு, எந்தெந்தக் குற்றங்களை அடிபட்டவர் சம்மதித்து முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பட்டியல் தருகிறது. முதல் பட்டியலில் இருப்பவற்றுக்குக் கோர்ட்டின் அனுமதிகூட வேண்டாம். 115(2), 351(2) இரண்டும் அதில் இருக்கின்றன. இரண்டாவது பட்டியலில் இருப்பவற்றை கோர்ட் அனுமதியோடு முடிக்கலாம். 117(2) அங்கே இருக்கிறது. ராஜி பதிவானால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் குற்றவாளி, ராஜியானால் விடுதலை. கைச்செலவும் அலைச்சலும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரரின் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றல்ல.

இனி அந்தச் சிக்கலுக்கு வருகிறேன். 118(1) இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. 296(பி)யும் இல்லை. அதாவது அண்ணன் உங்களை மன்னித்து உங்கள் வழக்கைப் பெரும்பாலும் பத்மநாபபுரத்திலேயே முடித்துவிட முடியும். உங்கள் வீட்டுக்காரர் அண்ணனை மன்னித்தாலும் அண்ணனுடைய 118(1)-ஐ அந்த நீதிபதியால் முடித்துத் தர முடியாது. முதலில் உங்கள் கேஸை முடித்துக்கொண்டு, அண்ணன் மட்டும் விசாரணையில் நின்றால் என்ன நடக்கும்? அண்ணிக்கு மனசு கசக்கும். "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு வரும். பழைய சண்டை வேறு ரூபத்தில் திரும்பி வரும். ஒரு தரப்பு வழக்கு முடிந்து மறு தரப்பு மாட்டிக்கொண்டதால் பிரிந்தே போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஆகவே என் யோசனை இதுதான். இரண்டு வழக்கையும் சேர்த்தே முடியுங்கள், அதை மதுரையில் முடியுங்கள். ராஜிக்கு உட்படாத குற்றமாக இருந்தாலும், தனிப்பட்ட குடும்பத் தகராறு சமாதானமாகிவிட்டால் வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. இப்போது அது அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 482. கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. லட்சுமி நாராயண் வழக்கில் 2019-இல் எதையெல்லாம் இப்படி ரத்து செய்யக் கூடாது என்றும் வகுத்துக் கொடுத்தது. கொலை, வன்புணர்வு, கொள்ளை போன்று சமூகத்தையே பாதிக்கும் குற்றங்களைச் சமாதானம் என்று சொல்லி ரத்து செய்ய முடியாது. விளையில் வேலிக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டது அந்த வகை இல்லை. நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைதான், சென்னை வரை போக வேண்டியதில்லை.

அங்கே இரண்டு மனு போட வேண்டும். உங்கள் வழக்கில் உங்கள் வீட்டுக்காரரும் மகனும் மனுதாரர்கள், அண்ணன் எதிர்மனுதாரர். அண்ணன் வழக்கில் அண்ணன் மனுதாரர், உங்கள் வீட்டுக்காரர் எதிர்மனுதாரர். இரண்டிலும் கூட்டுச் சமாதான மனு, அடிபட்டவரின் பிரமாணப் பத்திரம், ஆதார் நகல் வேண்டும். யாருடைய கட்டாயத்தாலும் இல்லாமல் சம்மதித்தார்களா என்று நீதிபதி அவர்களையே கேட்பார், ஸ்டேஷனிலிருந்து வருகிறவர் ஆளை அடையாளம் காட்டுவார். அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே நாளில் வந்துவிடலாம். மனு நிலுவையில் இருக்கும்போது பத்மநாபபுரம் வாய்தாக்களை விட்டுவிடக் கூடாது. உயர் நீதிமன்றம் தடை உத்தரவு தராதவரை இங்கே வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கும்.

மதுரைக்குப் போகும் செலவு முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது, கொஞ்சம் மெதுவான வழி. உங்கள் வழக்கில் 117(2), 115(2), 351(2) மூன்றையும் பத்மநாபபுரத்தில் ராஜியாக முடித்து, 296(பி)யை மட்டும் வாதாடலாம். 296(பி) நிற்க வேண்டுமானால் பொது இடத்திலோ அதன் பக்கத்திலோ நடந்திருக்க வேண்டும், கேட்ட மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். வேலிக்குள் இருக்கும் தென்னை விளை பொது இடமா என்பதே கேள்விக்குரியது. அதோடு வெறும் வசைச்சொல் எல்லாம் ஆபாசம் ஆகாது என்று மதனகோபால் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. அதை முன்வைத்து, குற்றச்சாட்டு வனையும் முன்பே இந்தப் பிரிவிலிருந்து விடுவிக்கக் கேளுங்கள். லோக் அதாலத் நடக்கும்போது ராஜி ஆகக்கூடிய பகுதியை அங்கே வைத்தும் முடிக்கலாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றாலும் அங்கேயே உதவி கேட்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். ஆனால் அண்ணனின் 118(1) அப்போதும் நிற்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு வழியை யாராவது காதில் ஓதுவார்கள். "கூண்டில் ஏறி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா போதும்" என்பார்கள். பிறழ்சாட்சியாக மாறுவது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது தனிக் குற்றம், அதற்கும் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. நேர்மையான வழி இருக்கும்போது அண்ணனை எதற்குப் பொய் சொல்ல வைக்க வேண்டும்? உங்கள் மகனுக்கும் அது கெடுதல். தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கான விதிகளில், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகி அதனால் கிடைத்த விடுதலையையும், சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலையையும் விடுதலையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே கருதுவார்கள்.

மகன் விஷயம் தனியாகவே பேச வேண்டியது, எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான். விலக்கப் போன பிள்ளை என்கிறீர்கள். அப்படியானால் குற்றப்பத்திரிகையில் அவன் என்ன செய்ததாக எழுதியிருக்கிறது, எந்தக் காயம் அவனால் வந்தது என்று டாக்டரின் காயச் சான்றிதழ் சொல்கிறதா, எந்தச் சாட்சி அவன் அடித்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார் என்று உங்கள் வக்கீலை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக "மகனும் சேர்ந்து அடித்தான்" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால், அவனுக்கு மட்டும் சமாதானத்தை அடிப்படையாக வைக்காமல், அவன் மேல் குற்றச்சாட்டே நிற்காது என்று சொல்லியே மதுரையில் ரத்து கேட்கலாம். அண்ணன் தன் பிரமாணப் பத்திரத்தில் "தம்பி மகன் விலக்கத்தான் வந்தான்" என்று எழுதித் தந்தால், அது உண்மையாகவும் இருந்தால், அதை விட நல்லது அவனுக்கு வேறில்லை. சமாதானத்தால் முடிந்தது என்பதை விட, குற்றமே இல்லை என்று முடிந்தது என்பது தேர்வாணையத்தின் முன்னால் கனமாக நிற்கும்.

எது எப்படி முடிந்தாலும், விண்ணப்பத்தில் "உங்கள் மேல் வழக்கு இருந்ததா" என்று கேட்டால் அவன் ஆமாம் என்றே எழுத வேண்டும். மறைத்ததற்காக வேலை போனவர்கள் உண்டு. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவான நெறிகள் சொன்னது. சிறிய வழக்கை உண்மையாகச் சொன்னவருக்கு மன்னிப்புக்கு இடம் இருக்கிறது. மறைத்தவருக்கு அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

ஜெயில் ஆகுமா என்று கேட்டீர்கள். சமாதானம் ஏதோ காரணத்தால் முறிந்து, வழக்கு முழுதாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அண்ணன், பார்த்த சாட்சிகள், டாக்டர், விசாரணை அதிகாரி என்று ஒவ்வொருவராகக் கூண்டேறுவார்கள். அடித்தார் என்று நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. உங்கள் வீட்டுக்காரர் நெற்றியில் பட்ட அடி அந்த நேரத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். அடியை எப்படி வாங்கினார் என்பதை அரசு தரப்பு விளக்க வேண்டிவரும். தன் உடம்பைக் காப்பாற்ற ஓங்கினார் என்றால் தற்காப்பு உரிமை என்ற வாதம் வரும். அதனால்தான் இரண்டு வழக்கையும் ஒரே நீதிபதி, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது முறை. நாதி லால் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. இரண்டும் வேறு வேறு கோர்ட்டில் இருந்தால் உடனே ஒன்றாக மாற்றக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் கொடுத்த விபத்துப் பதிவேட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். தையல் போட்ட காயம் ஆறிப்போகும், அந்தக் காகிதம்தான் பேசும்.

குற்றம் நிரூபணமானாலும் 7 ஆண்டு என்பது சட்டப் புத்தகத்தின் மேல் எல்லை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கவே முடியாது. அதற்கு மேல் வேண்டும் என்று நினைத்தால் நாகர்கோவிலில் இருக்கும் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். தண்டனை சொல்லும் முன் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். பலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிடுவார்கள். அந்த நிமிஷத்தை வீணாக்கக் கூடாது. முன்பு எந்த வழக்கும் இல்லை, ஒரே அடி, குடும்பத் தகராறு, மருத்துவச் செலவைக் கொடுத்தாயிற்று, வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான் என்பதையெல்லாம் வக்கீல் மூலம் பதிவு செய்ய வேண்டும். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். 117(2)-க்கும் அது பொருந்தும். அதோடு அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். கேட்டால்தான் கிடைக்கும், பல வழக்கில் யாரும் கேட்பதே இல்லை.

உங்கள் மகனுக்கு அந்தச் சட்டம் இன்னும் கனிவானது. 21 வயது ஆகாதவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் 6-ஆம் பிரிவின் விதி. அனுப்புவதானால் காரணம் எழுத வேண்டும். ஆனால் அந்த வயது சம்பவ நாளில் அல்ல, கோர்ட் தண்டனையைத் தீர்மானிக்கும் நாளில் பார்க்கப்படும். அவனுக்கு இப்போது 20. வழக்கை வருஷக்கணக்கில் இழுத்தடித்தால் நல்லது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, அதுவரை பிணையில் இருந்தவர் என்றால், அப்பீல் போகிறேன் என்று சொல்லி அதே கோர்ட்டிலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள் இருக்கிறது. அப்பீல் நிலையிலும் அந்தக் கோர்ட்டின் அனுமதியோடு ராஜியாகலாம். கதவு அவ்வளவு சீக்கிரம் அடைபடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது புது பாஸ்போர்ட்டோ புதுப்பித்தலோ கேட்டால், பாஸ்போர்ட் சட்டப்படி மறுக்கலாம். 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் தருவார்கள். கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட வேண்டாம். வாய்தா தவறினால் பிடிவாரண்ட், அது நீண்டால் தேடப்படுபவர் பட்டியல், அப்புறம் லீவில் வரும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவருக்கு அப்படி நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்காது. முடிந்தால் இந்தச் சமாதானத்தை முடித்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். காத்திருக்க முடியாத விசா என்றால், நேரில் வராமல் வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி மனு போட்டு, உத்தரவு கையில் வந்த பிறகு போகட்டும்.

இனி சட்டத்துக்கு வெளியே ஒன்று. உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று எழுதவில்லை. நம் பக்கத்தில் பாதிப் பேர் ரப்பர் வெட்டு, இல்லையென்றால் கட்டட வேலை, கடல் வேலை. எதுவானாலும் இடது கை முறிந்தால் மூன்று நான்கு மாசம் கூலி போயிருக்கும். எக்ஸ்ரே, கட்டு, ஆட்டோ செலவு என்று அவர் கையிலிருந்து எவ்வளவு போயிற்று என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? சமாதான மனுவில் அந்தத் தொகை இருக்கட்டும். வெறும் கையெழுத்தை விட அந்த ஒரு வரி நீதிபதிக்கும் பெரிதாகத் தெரியும், அண்ணிக்கும் பெரிதாகத் தெரியும். பணத்தை யார் கையிலும் கொடுத்தனுப்பாமல், கணக்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் இவருடைய தையல் செலவைத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று மறுக்காதீர்கள், அவருக்கும் மனசு ஆறட்டும்.

அந்த எலுகையையும், அதாவது விளையின் எல்லையையும், தீர்க்காமல் விடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் நில அளவைக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து, இரண்டு பேர் முன்னிலையிலும் எல்லைக்கல் நடட்டும். சமாதான மனுவிலேயே "அளந்து வரும் எல்லையை இருவரும் ஏற்கிறோம்" என்று எழுதிவிடலாம். வேலி இல்லாமல் கேஸ் மட்டும் முடிந்தால் அடுத்த மழைக்கு முன் மறுபடியும் மம்மட்டி வெளியே வரும்.

பேச்சைத் தொடங்கும்போது உங்கள் வீட்டுக்காரர் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம். அவர் எதிரி, அண்ணன் சாட்சி. நாளைக்கு ஏதாவது கசந்தால், சாட்சியை மிரட்டப் போனார் என்று சொல்லிவிட முடியும். இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரை, பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ, கூட வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணியும் அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

இந்த வாய்தாவுக்கு உங்கள் வீட்டுக்காரரும் மகனும் காலை 10.30-க்கு முன்னால் கோர்ட்டில் இருக்கட்டும். இன்னும் வக்கீல் வைக்கவில்லை என்றால் நகல்களை வாங்கிக்கொண்டு, வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும் என்று மட்டும் நீதிபதியிடம் சொல்லுங்கள். குற்றமா இல்லையா என்று கேட்டால், "இல்லை, வழக்கை நடத்துகிறோம்" என்று சொல்லுங்கள். இரண்டு குற்றப்பத்திரிகையின் நகல், இரண்டு காயச் சான்றிதழ், எக்ஸ்ரே அறிக்கை கையில் வந்ததும், அண்ணன் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். சமாதான மனுவில் எந்த வாசகம் இருக்க வேண்டும், மகனுக்கு எதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.